உள்நாட்டுப் போர் ஏன் சீக்கிரம் முடிவதில்லை? கூட்டுக் கிணற்றிலிருந்து ஓர் எளிய விளக்கம்

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் டீ குடிக்கும்போது சிரியா, சூடான் என்று பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். "எல்லாம் அமெரிக்காக்காரன் வேலைங்க, அவனுக்கு ஆயுதம் விக்கணும்" என்பது ஒன்று. "அவங்க ஆயிரம் வருஷமா அடிச்சிக்கிறவங்க, அது மாறாது" என்பது இன்னொன்று. வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த இரண்டுதான் சுற்றி வருகின்றன. முதல் வாக்கியத்தில் அந்த நாட்டு மக்கள் பொம்மைகள். இரண்டாவதில் அவர்கள் பிறவிச் சண்டைக்காரர்கள். போர் ஏன் அங்கே வந்தது, ஏன் அந்த ஆண்டில் வந்தது, ஏன் இத்தனை காலம் நீடிக்கிறது என்று கேட்டால் இரண்டிலும் பதில் இல்லை.

ஈழப் போரை இவ்வளவு அருகிலிருந்து பார்த்த தமிழ்நாட்டில், அதிலும் சேலம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கும்போது, இந்த விஷயம் இப்படி மேம்போக்காகப் பேசப்படுவது வருத்தமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் அரசியல் பிளவும் வெளியே இருந்து வரும் கையும் எப்படி ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு கிணறு போதும்.

ஒரு கிணறு, இரண்டு பங்கு

வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் உள்ள கூட்டுக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்பா காலத்தில் வெட்டியது. 60 அடி ஆழம். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒரே மோட்டார்; மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை. அண்ணன் வைத்திருப்பது பாக்குத் தோப்பு, கோடையிலும் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தக் கூடாது. தம்பி போட்டிருப்பது குச்சிக்கிழங்கு, அது கொஞ்சம் காய்ச்சல் தாங்கும். கிணற்றில் தண்ணீர் தளும்பும் வரை முறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மழை பொய்த்த ஓர் ஆண்டில் பாக்கு வாடுகிறது. தம்பியின் முறையில் அண்ணன் இரண்டு மணி நேரம் கூடுதலாக மோட்டாரை ஓட்டிவிடுகிறார். பேச்சு தடிக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது.

இப்போது நட்டக் கணக்கைப் பாருங்கள். பாக்கு காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். ஒரு கோடையில் பட்டுப்போனால் அத்தனை ஆண்டு உழைப்பும் போச்சு. தம்பிக்குக் கிழங்கு பெருக்காது, சேகோ ஆலையில் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) குறைத்துத்தான் விலை போடுவார்கள். சண்டை நீடிக்க நீடிக்க இரண்டு பேருக்கும் வலிக்கிறது. ஆகவே அடுத்த கோடைக்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் இருவரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மனம் மாறியதால் வருவதில்லை. களைத்துப் போனதால் வருகிறார்கள்.

இந்த இடத்தில் தம்பியின் மச்சான் உள்ளே வருகிறார். டவுனில் நாலு காசு பார்த்தவர். "நீ ஏன் மாப்ள பணிஞ்சு போற? கிணத்துக்குள்ளயே சைடுல போர்வெல் போடு, பணம் நான் தர்றேன்" என்கிறார். அண்ணனின் சம்பந்தி சும்மா இருப்பாரா? வக்கீல் செலவை அவர் ஏற்கிறார். ஆத்தூர் கோர்ட்டில் வழக்கு ஏறுகிறது. இரண்டு ஆண்டில் வந்திருக்க வேண்டிய களைப்பு இனி பத்து ஆண்டானாலும் வராது. மச்சானுக்கும் சம்பந்திக்கும் அந்தக் கிணற்றில் ஒரு சொட்டுத் தண்ணீரும் பங்கில்லை. பட்டுப்போகும் மரங்களில் ஒன்றும் அவர்களுடையதில்லை.

சண்டையின் செலவை ஒருவர் ஏற்கிறார், வலியை வேறொருவர் தாங்குகிறார். உள்நாட்டுப் போரில் வெளிநாடு செய்யும் முதன்மையான வேலை இதுதான். பணமும் ஆயுதமும் தரும் வெளிநாட்டை இனி புரவலர் நாடு என்று சொல்வோம். இரண்டு புரவலர்கள் தங்களுக்குள் நேரடியாக மோதாமல் உள்ளூர்க் குழுக்களை முன்னால் விட்டு மோதினால் அது பதிலிப் போர்.

எது உள்நாட்டுப் போர், எது இல்லை

ஒரு நாட்டின் எல்லைக்குள், பெரும்பாலும் அந்நாட்டு அரசுக்கும் அதே நாட்டு மக்களின் ஆயுதக் குழுவுக்கும் இடையே தொடர்ந்து நடக்கும் சண்டைதான் உள்நாட்டுப் போர். இரண்டு பக்கமும் தலைமையும் படையும் இருக்க வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் மீது ஏவப்பட்டது ஒருபக்க வன்முறை. அதற்குப் பின் 2009 மே வரை நடந்தது போர். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் பராமரிக்கும் பட்டியலில் ஓர் ஆண்டுச் சண்டையில் 25 பேர் இறந்தால் ஆயுத மோதல், 1000 பேர் இறந்தால் போர் என்று பதிகிறார்கள். எண்ணிக்கை கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே அளவுகோல் இல்லாமல் ஒரு போரை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை.

பிளவு எப்போது துப்பாக்கியாக மாறுகிறது

சேலம் கடைவீதியில் ஒரு சுற்று வந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது என்று ஐந்து மொழி காதில் விழும். அதற்காக யாரும் ஆயுதம் எடுப்பதில்லை. வேறுபாடு இருப்பதாலேயே போர் வராது. பங்கீட்டு விதி உறைந்துபோகும்போதும், விட்டுக்கொடுப்பவர் அரசியலில் பிழைக்க முடியாமல் போகும்போதும்தான் ஆபத்து.

உறைந்துபோன விதிக்கு லெபனானைப் பார்க்கலாம். 1943-இல் அங்கே எழுதாத ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. அதிபர் மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், நாடாளுமன்றத் தலைவர் ஷியா முஸ்லிம். நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவர்களுக்கு 6, முஸ்லிம்களுக்கு 5 என்ற விகிதம். இந்தக் கணக்குக்கு அடிப்படை 1932-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு அங்கே அதிகாரபூர்வமான கணக்கெடுப்பு எடுக்கப்படவே இல்லை. எடுத்தால் விகிதத்தை மாற்ற வேண்டிவரும் என்ற பயம். ஊரில் குடும்பம் பெருகி, நிலம் கைமாறி, எல்லாம் மாறிய பிறகும் தாத்தா காலத்து முறைதான் என்று ஒருவர் அடம்பிடிப்பது போல. 1975 ஏப்ரல் 13-இல் பெய்ரூட்டில் வெடித்த போர் 15 ஆண்டு நீடித்தது. 1989-இல் தாயிஃப் ஒப்பந்தத்தில் அந்த விகிதம் சரிபாதியாக மாற்றப்பட்டது. 15 ஆண்டுப் போருக்குப் பின் கையெழுத்தான அந்தத் திருத்தத்தை 1974-இலேயே ஒரு சட்டமாகச் செய்திருக்க முடியும். அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

இரண்டாவது ஆபத்தை ஏலப் போட்டி அரசியல் என்று சொல்லலாம். மஞ்சள் ஏலத்தில் ஒருவர் விலையை ஏற்றினால் அடுத்தவர் அதற்கு மேல் ஏற்றியே தீர வேண்டும்; இறக்கினால் சரக்கு போய்விடும். ஒரே சமூகத்தின் வாக்குக்கு இரண்டு கட்சிகள் போட்டி போடும்போது, மற்ற சமூகத்தோடு சமரசம் பேசுபவர் 'விலைபோனவர்' ஆகிவிடுகிறார். இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. மறு ஆண்டு ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் அதிகாரப் பகிர்வுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜெயவர்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில், பிக்குகள் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்த பிறகு, பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1965-இல் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டார். இந்த முறை எதிர்த்தது பண்டாரநாயக்கா தொடங்கிய கட்சி. அதுவும் நிறைவேறவில்லை. ஆட்சியில் இருப்பவர் சமரசம் பேசுவதும் எதிரணியில் இருப்பவர் அதை உடைப்பதுமாக இரண்டு கட்சிகளும் இடம் மாற்றிக்கொண்டன. பேசிப் பயனில்லை என்று அடுத்த தலைமுறை முடிவு செய்ய அது போதுமானதாக இருந்தது. இதுவரை வந்த கதையில் எந்த வெளிநாடும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். பிளவு மட்டும் போருக்குப் போதாது. பங்கீட்டைத் திருத்தும் வழி அடைபட்டு, விட்டுக்கொடுப்பவருக்கு அரசியலில் தண்டனை கிடைக்கும் நிலை வந்தால் உள்ளே ஒரு கதவு திறக்கிறது. வெளிநாடு அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது.

மொசாம்பிக் இதற்கு நல்ல சோதனை. ரெனாமோ என்ற கிளர்ச்சிக் குழுவை 1970-களின் பிற்பாதியில் உருவாக்கியதே பக்கத்து நாடான ரொடீசியாவின் உளவுத்துறை. 1980-இல் ரொடீசியா ஜிம்பாப்வே ஆனதும் தென்னாப்பிரிக்கா அதைத் தத்தெடுத்தது. முழுக்க வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் விவசாயிகளைக் கட்டாயமாகக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றியது, பரம்பரை ஊர்த் தலைவர்களை ஒதுக்கியது என்று அரசு செய்த காரியங்களால் மனம் கசந்திருந்த பகுதிகளில் அதே குழு வேர்விட்டது. போர் முடிந்து நடந்த தேர்தலில் பெரும் வாக்கும் வாங்கியது. விதை வெளியூர், மண் உள்ளூர்.

ஒரு பக்கத்துக்குள் எத்தனை பக்கம்

செய்தியில் 'கிளர்ச்சியாளர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நிஜத்தில் ஒரு பக்கத்துக்குள்ளேயே பத்துப் பக்கம் இருக்கும். போரின் போக்கைப் பல நேரம் இதுவே தீர்மானிக்கிறது.

ஸ்பெயினில் 1936 ஜூலையில் ராணுவத் தளபதிகள் குடியரசுக்கு எதிராகக் கிளம்பினார்கள். இரண்டு அணிகளுக்கும் வெளியுதவி வந்தது. ஜெர்மனியும் இத்தாலியும் அந்தத் தளபதிகளுக்குத் தலைவரான ஃபிராங்கோவுக்கு, சோவியத் யூனியன் குடியரசுக்கு. 1937 வசந்த காலத்தில் மூன்று வார இடைவெளியில் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 19-இல் ஃபிராங்கோ ஓர் ஆணை போட்டுத் தன் பக்கத்து முக்கியக் கட்சிகளை ஒரே கட்சியாக்கித் தானே தலைவரானார். மே 3 முதல் 8 வரை, குடியரசின் கையில் இருந்த பார்சிலோனாவில், அரசுப் படையும் கம்யூனிஸ்டுகளும் ஒரு பக்கமாகவும் அராஜகவாதிகளும் பூம் என்ற மார்க்சியக் கட்சியினரும் மறுபக்கமாகவும் தெருவில் சுட்டுக்கொண்டார்கள். எதிரி சில நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறான். இவர்கள் ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். 1939 ஏப்ரல் 1-இல் ஃபிராங்கோ வென்றதற்கு இத்தாலிய, ஜெர்மானிய உதவி எவ்வளவு காரணமோ, இந்த மூன்று வாரத்தில் தெரிந்த வித்தியாசமும் அவ்வளவு காரணம்.

பிளவை வெளியுதவியே பெருக்கவும் செய்யும். ஆப்கானிஸ்தானில் சோவியத் படையை எதிர்த்த முஜாஹிதீன்களுக்கு அமெரிக்க, சவூதிப் பணம் பாகிஸ்தான் உளவுத்துறை வழியாகப் போனது. பெஷாவரில் இருந்த ஏழு கட்சிகளைத்தான் பாகிஸ்தான் அங்கீகரித்தது. எந்த மலைக்கிராமத் தளபதிக்கும் துப்பாக்கி வேண்டுமானால் இந்த ஏழில் ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும். குழாய் ஏழாகப் பிரிந்திருந்தது, படையும் ஏழாகப் பிரிந்தே நின்றது. எல்லாரும் ஒன்றுசேர்ந்துவிட்டால் யாருக்கும் கட்டுப்படமாட்டார்கள் என்பது புரவலரின் கணக்கு.

நமக்குத் தெரிந்த கதையும் இதுதான். 1983-க்குப் பிறகு இந்தியா டெலோ, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., புளொட், விடுதலைப் புலிகள் என்று பல இயக்கங்களுக்குத் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தது. தமிழ்நாட்டில் முகாம்கள் இருந்தன. 1980-களின் நடுவில் மேட்டூரை ஒட்டிய கொளத்தூர்ப் பகுதியிலும் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. ஆயுதம் கைக்கு வந்த இயக்கங்கள் 1986-இல் தங்களுக்குள் மோதின. புலிகள் அந்த ஆண்டு முதலில் டெலோவை, பிறகு ஈ.பி.ஆர்.எல்.எஃப்.-ஐ அழித்தார்கள். 1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அக்டோபரில், பயிற்சி கொடுத்த நாட்டின் படையும் பயிற்சி பெற்ற இயக்கமும் யாழ்ப்பாணத்தில் ஒன்றையொன்று சுட்டன. 1989-இல் இலங்கை அதிபர் பிரேமதாசாவே, இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார். 1990 மார்ச்சில் இந்தியப் படை திரும்பும்போது ஏறக்குறைய 1200 வீரர்களை இழந்திருந்தது. புரவலர் கைக்குள் எல்லாம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த நான்கு ஆண்டுகளைப் படித்தால் போதும்.

லாரிக் கணக்கு

'ஆயுத உதவி' என்றவுடன் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். துப்பாக்கி ஒருமுறை வாங்கினால் இருபது ஆண்டு உழைக்கும். தீர்ந்துகொண்டே இருப்பது தோட்டாவும் குண்டும் டீசலும்.

ஏ.கே.47-இன் மேகசினில் 30 தோட்டா. விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு 600 என்ற வேகம். அதாவது 3 விநாடியில் மேகசின் காலி. பீரங்கிக்கு வருவோம். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று 45 கிலோ இருக்கும். சங்ககிரியில் நிற்கும் லாரிகளைப் போல 10 டன் ஏற்றும் வண்டி ஒன்றில் பெட்டி, கட்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 200 குண்டு ஏறும். 6 பீரங்கிகள் நிமிடத்துக்கு ஆளுக்கு 2 குண்டு சுட்டால் அந்த லாரி 17 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்த லாரி எங்கிருந்து வருகிறது? எந்த எல்லை வழியாக? டீசலுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? உள்நாட்டில் குண்டு தயாரிக்கும் ஆலை இல்லாத எந்தத் தரப்பும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் மாதக்கணக்கில் போரிட முடியாது.

லாரியில் ஏறாத உதவிகளும் உண்டு. முதலாவது பின்தளம். ஈழத்தமிழர் பழக்கிய இந்தச் சொல், எல்லைக்கு அப்பால் அடி விழாத இடத்தைக் குறிக்கிறது. காயம்பட்டவரைத் தூக்கிப்போக, புதியவருக்குப் பயிற்சி தர, தலைமை உட்கார்ந்து யோசிக்க அந்த இடம் வேண்டும். பலவீனமான குழு உயிர்பிழைப்பதற்கு இது துப்பாக்கியைவிட முக்கியம். இன்னொன்று ராஜதந்திரக் காவல்: சிரியா பற்றிய தீர்மானங்களைப் பாதுகாப்பு அவையில் ரஷ்யா பலமுறை வீட்டோ செய்தது. சம்பளப் பணம், உளவுத் தகவல் எல்லாம் இதில் சேரும். சொந்தப் படையையே இறக்குவது கடைசிப் படி. புரவலரும் வலியில் பங்குதாரர் ஆவது அப்போதுதான். பெரும்பாலான புரவலர்கள் அதைத் தவிர்ப்பதும் அதனால்தான்.

தண்ணீர் நின்ற நாள்: காபூல், 1992

வெளியுதவி எவ்வளவு தூரம் தாங்கிப் பிடிக்கிறது என்பதை, அது நிற்கும் நாளில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். ஆப்கானிஸ்தானைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

1989 பிப்ரவரி 15-இல் கடைசி சோவியத் சிப்பாய் பாலம் கடந்து திரும்பினார். காபூலில் சோவியத் ஆதரவில் இருந்த நஜிபுல்லாவின் அரசு சில மாதத்தில் விழும் என்று அனைவரும் நினைத்தார்கள். மார்ச்சில் முஜாஹிதீன்கள் ஜலாலாபாத் நகரை முற்றுகையிட்டார்கள், தோற்றார்கள். நஜிபுல்லா மூன்று ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தார். படை போனாலும் விநியோகம் போகவில்லை. டீசல், கோதுமை, குண்டு, ஸ்கட் ஏவுகணை எல்லாம் வடக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தன. அந்தப் பணத்தில் அவர் உள்ளூர்ப் படைத்தலைவர்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தன் பக்கம் வைத்திருந்தார். வடக்கே தோஸ்தமின் உஸ்பெக் படை அவற்றில் முக்கியமானது.

1991 செப்டம்பரில் அமெரிக்காவும் சோவியத்தும் இரண்டு பக்கத்துக்கும் ஆயுதத்தை நிறுத்த ஒத்துக்கொண்டன. 1992 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதற்குள், 1991 டிசம்பரில் சோவியத் நாடே இல்லாமல் போனது. டீசல் நின்றது. சம்பளம் நின்றது. சில வாரங்களில் தோஸ்தம் அணி மாறினார். ஏப்ரலில் காபூல் விழுந்தது. மூன்று ஆண்டு எதிரி அடித்தும் விழாத அரசு, குழாய் மூடிய நான்காவது மாதத்தில் விழுந்தது.

ஆனால் போர் நின்றதா? இல்லை. தனித்தனிக் குழாயில் வளர்ந்த முஜாஹிதீன் கட்சிகள் காபூலுக்காகத் தங்களுக்குள் மோதின. சோவியத் காலத்தில் பெரும் சேதமில்லாமல் தப்பிய நகரம் 1992-க்குப் பிறகுதான் இடிந்தது. குழாயை மூடுவதால் ஒரு பக்கம் சாயலாம். உள்ளே இருக்கும் பிளவு அதனால் ஆறிவிடாது.

சிரியாவிலும் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்தோம். 2015 செப்டம்பர் 30 முதல் ரஷ்ய விமானங்களும், தரையில் ஈரானும் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கமும் தாங்கிப் பிடித்த அசாத் அரசு, 2024 நவம்பர் 27-இல் தாக்குதல் தொடங்கி டிசம்பர் 8-இல் முடிந்துபோனது. பன்னிரண்டு நாள். ரஷ்யாவின் கவனம் உக்ரைனில், ஹிஸ்புல்லா இஸ்ரேலிடம் அடிவாங்கித் தளர்ந்திருந்தது. முட்டுக்கொடுத்த கம்பத்தை எடுத்த பிறகுதான் சுவர் எவ்வளவு உளுத்திருந்தது என்று தெரிந்தது.

ஆக, வெளியுதவி இரண்டு பக்கத்தின் களைப்பையும் தள்ளிப்போடுகிறது. ஒருவருக்கு மட்டும் நின்றால் அவர் திடீரென்று சரிகிறார். உள்ளேயே வருமானம் இருந்தால் இந்த விதி தளரும். அங்கோலாவில் பனிப்போர் முடிந்து புரவலர்கள் விலகிய பிறகும், யூனிட்டா இயக்கம் வைரத்தை விற்றும் அரசு எண்ணெயை விற்றும் இன்னும் பத்து ஆண்டு போரிட்டன.

முதலில் யார் ஆயுதத்தைக் கீழே வைப்பது

கிணற்று உவமை இந்த இடத்தில் உடைகிறது. அண்ணன் தம்பிக்கு மேலே கோர்ட் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் கேட்க ஒரு சப்-இன்ஸ்பெக்டராவது இருக்கிறார். உள்நாட்டுப் போரில் போலீஸே ஒரு கட்சிக்காரர். சமாதானம் பேசி முடிந்ததும் கிளர்ச்சிக்காரர் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். அரசு தன் ஆயுதத்தை வைத்துக்கொள்ளும். ஒப்படைத்த மறுநாள் அரசு சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இருவரும் மனதாரச் சமாதானத்தை விரும்பினாலும் இந்த முடிச்சு அவிழாது. ஆய்வாளர்கள் இதை வாக்குறுதிச் சிக்கல் என்கிறார்கள்.

வெளிநாடு நல்லது செய்யக்கூடிய இடமும் இதுதான். அங்கோலாவும் மொசாம்பிக்கும் அதற்குச் சாட்சி. இரண்டும் போர்ச்சுகலிடமிருந்து 1975-இல் விடுதலை பெற்றவை, இரண்டிலும் பதிலிப் போர். அங்கோலாவில் 1991 மே ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐ.நா. அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் சுமார் 350 பேர். படைகள் முழுமையாகக் கலைக்கப்படாமலேயே 1992 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. யூனிட்டா தலைவர் சவிம்பி 40 சதவீதம் வாங்கித் தோற்றார். படை கையில் இருந்தது, காட்டுக்குத் திரும்பினார். 2002 பிப்ரவரியில் அவர் கொல்லப்படும் வரை போர் அடியோடு நிற்கவில்லை.

மொசாம்பிக்கில் 1992 அக்டோபர் 4-இல் ரோமில் ஒப்பந்தம். அங்கோலாவில் பட்ட பாடம் சூடாக இருந்ததால் ஐ.நா. இங்கே ஏறக்குறைய 7000 பேரை அனுப்பியது. இரண்டு பக்கத்துப் போராளிகளும் குறித்த முகாம்களுக்கு வந்து ஆயுதம் ஒப்படைத்தார்கள். புதிய ராணுவத்தில் இரு தரப்புக்கும் இடம் கிடைத்தது. ரெனாமோ ஓர் அரசியல் கட்சியாக மாற நன்கொடை நாடுகள் நிதி கொடுத்தன. ஓராண்டு தாமதமானாலும் பரவாயில்லை என்று, படை கலைந்த பிறகே 1994 அக்டோபரில் தேர்தல் வைத்தார்கள். ரெனாமோ தோற்றது, முடிவை ஏற்றது. கலைப்பு முதலில், தேர்தல் பிறகு. அங்கோலாவில் அந்த வரிசை தவறியதற்கு விலை பல லட்சம் உயிர்கள்.

உதவிக்கு வரும் பில்

புரவலர் இலவசமாக எதுவும் தருவதில்லை. இதற்குத் தொலைதூரம் போக வேண்டாம். 1749 ஆகஸ்ட் 3-இல் ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். பதவிக்குச் சந்தா சாகிபும் அன்வருதீனின் மகன் முகமது அலியும் போட்டி. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. 1752-இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகமது அலி வென்றார், கம்பெனியிடம் கடனாளியானார். படைச் செலவுக்கு வட்டி, வட்டிக்கு வரிவசூல் உரிமை என்று ஜில்லா ஜில்லாவாகக் கைமாறியது. 1801-இல் கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாட்டு ஆட்சியே கம்பெனிக்குப் போய்விட்டது. (அன்று மைசூர் பக்கம் இருந்த சேலமும் பாராமகாலும் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையிலேயே கம்பெனியின் கைக்கு வந்திருந்தன.) அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த வாரிசுச் சண்டையில் வென்றவர் யார் என்ற கேள்விக்கு அப்போது அர்த்தமே இல்லாமல் போயிருந்தது.

சூடானை வைத்துப் பார்த்தால்

2023 ஏப்ரல் 15-இல் கார்த்தூமில் தொடங்கிய போரை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஒரு பக்கம் புர்ஹானின் ராணுவம், மறுபக்கம் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் தகாலோவின் அதிவிரைவு ஆதரவுப் படை. 2021 அக்டோபரில் இருவரும் சேர்ந்துதான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஆயிரம் ஆண்டுப் பகை எதுவும் இல்லை. 2022 டிசம்பரில் மக்களாட்சிக்குத் திரும்ப ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹெமெட்டியின் படை ராணுவத்தோடு இணைய எத்தனை ஆண்டு என்பதில் பேச்சு முறிந்தது. ராணுவம் 2 ஆண்டு என்றது, அவர் 10 ஆண்டு கேட்டார். படையை இழந்த பிறகு தன் கதி என்ன என்ற அதே வாக்குறுதிச் சிக்கல். அவரிடம் தங்கச் சுரங்க வருமானம் இருந்தது. எகிப்து, புர்ஹானின் ராணுவத்தை ஆதரிக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம், பக்கத்து நாடான சாட் வழியாக ஹெமெட்டிக்கு ஆயுதம் அனுப்புகிறது என்பது குற்றச்சாட்டு, அமீரகம் மறுக்கிறது.

அடுத்த முறை டீக்கடையில் சூடான் பேச்சு வந்தால், யார் நல்லவர் என்பதற்கு முன்னால் அந்த 2 ஆண்டுக்கும் 10 ஆண்டுக்கும் இடையிலான 8 ஆண்டுகளைப் பற்றிப் பேசலாம். அதில் ஒரு நடுவழியை உறுதிசெய்து கொடுக்க எந்த நாடு எத்தனை பேரை அனுப்பத் தயாராக இருந்தது, அதே நேரத்தில் எந்தெந்த எல்லை வழியாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன என்று கேட்கலாம்.